இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வேலை மகனுக்குக் கைகொடுக்குமா?

'என் மகன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் மூன்று ஆண்டுகள் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தான். ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இப்போது எல்.ஐ.சி ஏஜென்ட் ஆகப் போகிறேன் என்கிறான். மாதம் 40 ஆயிரம் சம்பாதிக்கலாம் என்று சொன்னார்களாம். புது பைக் வாங்க, கறவை மாடு இரண்டையும் விற்கச் சொல்கிறான். பிளஸ் டூ படித்த மருமகளும் இதே வேலைக்குப் போகலாமா என்று கேட்கிறாள். உங்கள் ஆலோசனை தேவை.'
- வாசகி, ஸ்ரீபெரும்புதூர் வட்டம்.

அம்மா, வேலை நல்ல வேலைதான். ஆனால், மாடுகளை விற்காதீர்கள். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன்.

ஏஜென்ட் ஆக 18 வயதும் 10-ம் வகுப்புத் தேர்ச்சியும் போதும். பயிற்சி முடித்துத் தேர்வு எழுத வேண்டும். ஆனால், ஏஜென்ட் என்பவர் நிறுவனத்தின் ஊழியர் அல்ல. மாதச் சம்பளம், பி.எஃப் எதுவும் கிடையாது. பெட்ரோல், போன் செலவெல்லாம் கைக்காசு. பாலிசி பிடித்தால் மட்டுமே கமிஷன். ஆள் சேர்க்கும் அதிகாரிக்கு, அவருக்குக் கீழே உள்ள ஏஜென்ட்டுகள் பிடிக்கும் பாலிசியைப் பொறுத்தே ஊக்கத்தொகை. அவர் நம்பிக்கையாகத்தான் பேசுவார்.

முன்பு முதல் ஆண்டு பிரீமியத்தில் 35 சதவிகிதம் வரை கமிஷன் கிடைத்தது. 2024 அக்டோபர் முதல் எல்.ஐ.சி அதை 28 சதவிகிதமாகக் குறைத்தது. அதே நேரத்தில், பிந்தைய ஆண்டுகளின் கமிஷனை 5-லிருந்து 7.5 சதவிகிதமாக உயர்த்தியது. ஆண்டுக்கு 20,000 ரூபாய் கட்டும் ஒரு பாலிசிக்கு முதல் ஆண்டில் 5,600 ரூபாய் வரும். பிறகு, அவர் கட்டும் ஒவ்வோர் ஆண்டும் 1,500 ரூபாய். பாலிசி வகையைப் பொறுத்து இது மாறும்.

உங்கள் மகன் மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்க வேண்டுமானால், ஆண்டுக்குச் சுமார் 6,43,000 ரூபாய் புதுப் பிரீமியம் கொண்டுவர வேண்டும். அதாவது, மேலே சொன்ன அளவில் 33 பாலிசிகள். முதல் பத்துப் பாலிசியை மாமா, சித்தப்பா, கூட வேலை பார்த்தவர்கள் போட்டுவிடுவார்கள். 11-வது பாலிசியில்தான் உண்மையான தொழில் தொடங்குகிறது. மாதம் 40 ஆயிரத்துக்கு எத்தனை பாலிசி வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் தொழில் தென்னை வைப்பதைப் போன்றது. பலன், நிலைத்து நிற்கும் மரங்களில் இருக்கிறது. மூன்று ஆண்டுகளில் 100 பாலிசி சேர்ந்து, 100 பேரும் தொடர்ந்து கட்டினால், புதிதாக ஒரு பாலிசி பிடிக்காவிட்டாலும் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரும். பாதிப் பேர் விட்டுவிட்டால் 75 ஆயிரம்தான். விட்டவர்களோ கட்டிய பணத்தில் பெரும்பகுதியை இழந்து, உங்கள் மகனைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஓராண்டு பிரீமியத்தை முழுதாகக் கட்டினாலே ஏதோ ஒரு சரண்டர் தொகை உண்டு என்ற விதி 2024 அக்டோபரில் வந்திருக்கிறது. என்றாலும், பாதியில் விட்டால் நஷ்டமே.

உங்கள் பகுதியில் பாலிசிகள் பாதியில் நிற்க மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, தொழிற்சாலை வேலை. ஒப்பந்தம் முடிந்தால் தவணையும் நின்றுவிடும். 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டதை ஊரே பார்த்தது. இரண்டாவது, நெல் விவசாயி. அறுவடைக் காசு கையில் இருக்கும் மாதத்தில் பாலிசி தொடங்கினால், அடுத்த ஆண்டும் அதே மாதத்தில்தான் தவணை வரும். உரத்துக்குக் கடன் தேடும் மாதத்தில் தொடங்கினால், இரண்டாம் தவணை வராது. மூன்றாவது, சிப்காட்டுக்கு நிலம் கொடுத்த இழப்பீட்டுப் பணம். 'ஆண்டுக்கு ஒரு லட்சம் கட்டுங்கள்' என்று பாலிசி கொடுத்துவிடுவார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பணம் வீடாகவும் கல்யாணமாகவும் மாறியிருக்கும். ஒரே தவணையில் கட்டும் பாலிசிக்குக் கமிஷன் மிகவும் குறைவு என்பதையும் இங்கே யோசித்துப் பாருங்கள்.

ஆகவே, உங்கள் மகன் கேட்க வேண்டிய கேள்வி, 'இந்த ஆண்டு கட்டுவீர்களா?' என்பதல்ல, 'ஐந்தாவது ஆண்டும் கட்ட முடியுமா?' என்பதுதான். முடியாதவருக்குப் பாலிசியே போடக் கூடாது. அவரை வங்கிக்கு அழைத்துப்போய், ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்ச ரூபாய் கிடைக்கும் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் சேர்த்துவிடட்டும். 18 முதல் 50 வயது வரை சேரலாம். இதில் மகனுக்குக் கமிஷன் வராது. ஆனால், நாளைக்கு வசதி வந்ததும் அவர் இவனைத்தான் தேடி வருவார்.

இன்னொரு எச்சரிக்கை. 'முதல் தவணையை நீயே கட்டு, பாலிசி போடுகிறேன்' என்று சிலர் கேட்பார்கள். கமிஷனில் பங்கு கொடுப்பது இன்ஷூரன்ஸ் சட்டப்படி குற்றம். 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. இலக்கை முடிக்கக் கைக்காசு போட்டுக் கடனாளி ஆகிறவர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறார்கள்.

நல்ல பக்கமும் இருக்கிறது. நீண்டகாலம் நிலைத்து நிற்கும் எல்.ஐ.சி ஏஜென்ட்டுகளுக்குக் கிராஜுவிட்டி உண்டு. 2023-ல் அதன் உச்சவரம்பு 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்தப்பட்டது.

மருமகளுக்கு 'பீமா சகி' திட்டம் இருக்கிறது. 2024 டிசம்பரில் தொடங்கிய இத்திட்டத்தில், 10-ம் வகுப்பு முடித்த 18 முதல் 70 வயது வரையுள்ள பெண்கள் சேரலாம். முதல் ஆண்டு மாதம் 7,000, இரண்டாம் ஆண்டு 6,000, மூன்றாம் ஆண்டு 5,000 ரூபாய் உதவித்தொகை, கமிஷன் தனி. ஆண்டுக்கு 24 பாலிசி பிடிக்க வேண்டும். பிடித்த பாலிசிகளில் 65 சதவிகிதமாவது தொடர்ந்தால்தான் அடுத்த ஆண்டும் முழுத் தொகை வரும். முக்கியமாக, ஏற்கெனவே ஏஜென்ட்டாக இருப்பவரின் மனைவி இதில் சேர முடியாது. மகன் முதலில் கையெழுத்துப் போட்டால், மருமகளின் வாய்ப்பு போய்விடும். யார் சேர்வது என்று முதலில் வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன், சொந்தக்காரர்களை விட்டுவிட்டு, ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணம் கட்டக்கூடிய 50 பேரின் பெயரை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். 20 பேர்கூடத் தேறாவிட்டால், வேறு வேலை தேடிக்கொண்டு இதைப் பகுதிநேரமாகச் செய்யட்டும். 50 பேரும் தேறினாலும், முதல் மூன்று ஆண்டுகளுக்கு வீட்டுச் செலவை ஓட்டப்போவது பால் காசுதான். பைக் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.