அன்பில்லாமை குற்றமா?

நமது ஊரில் நடந்த ஒரு பிரிவுபசாரக் கூட்டத்தில் இங்கிலீஷில் ஓர் உபசாரப் பத்திரம் வாசித்தார்கள். ஊருக்காக முப்பது வருஷம் கைப்பொருளைச் செலவிட்டு உழைத்த பெரியவரின் தொண்டை, 'அன்இண்டரெஸ்டட்' தொண்டு என்று அதில் வர்ணித்திருந்தார்கள். பெரியவர் புன்னகையுடன் மாலையை ஏற்றுக்கொண்டார். நாம்தான் நாற்காலியில் நெளிந்தோம். எழுத நினைத்தது 'டிஸ்இண்டரெஸ்டட்' தொண்டு, அதாவது சுயலாபம் கருதாத தொண்டு. எழுதியதோ அக்கறையே இல்லாத தொண்டு!

நாகல்நகர்ப் பட்டறைகளில் செய்த இரண்டு பூட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகளைப் போலவே இருக்கும். ஆயினும் ஒன்றின் சாவி மற்றொன்றைத் திறவாது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது இந்தச் சாமர்த்தியத்துக்காகத்தான் என்று நாம் சொல்வது வழக்கம். 'அன்', 'டிஸ்' என்ற இரண்டு முன்னொட்டுகளும் அப்படிப்பட்டவையே. முன்னது பெரும்பாலும் வெறும் 'இல்லை' என்று சொல்லி நின்றுவிடும். பின்னது சில சொற்களில் விலக்கத்தையும் சிலவற்றில் எதிர்ப்பையும் ஏற்றிவிடும். தமிழில் நமக்குத் தடுமாற்றமில்லை: பற்றற்றவர் வேறு, அக்கறையற்றவர் வேறு என்பது பள்ளிக்கூட வாசலை மிதியாத பாட்டிக்கும் தெரியும். இங்கிலீஷ்காரர்களுக்கே ஆதியில் தடுமாற்றம் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் இந்த இரு பதங்களும் இன்றைய பொருளுக்கு நேர்மாறாகவும் வழங்கின. ஆகவே உபசாரப் பத்திரம் எழுதிய இளைஞரை நாம் அதிகமாய்க் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

ஆனால் இதே முன்னொட்டு, மனிதர்களைச் சிறைக்கு அனுப்பிய கதையும் உண்டு.

'அன்அஃபெக்டட்' என்றால் பாதிக்கப்படாதவர் என்றும் பாசாங்கற்றவர் என்றும் பொருள். 'டிஸ்அஃபெக்டட்' என்றால் அரசிடம் மனக்கசப்புக் கொண்டவர். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1870-ஆம் வருஷம் நுழைந்த 124-ஏ பிரிவு, சர்க்காரிடம் 'டிஸ்அஃபெக்ஷன்' தூண்டுவதைக் குற்றமாக்கிற்று. 1897-இல் லோகமான்ய திலகரின் வழக்கு பம்பாய் ஹைக்கோர்ட்டில் நடந்தபோது, அந்தப் பதத்துக்கு என்ன அர்த்தம் என்ற கேள்வி எழுந்தது. நீதிபதி ஸ்ட்ரேச்சி, அது 'அன்பில்லாமை'தான் என்று ஜூரிகளுக்கு விளக்கினார். அதே மூச்சில் வெறுப்பு, பகைமை, அவமதிப்பு எல்லாம் அதில் அடக்கம் என்றும் சொன்னார். அன்பில்லாமையும் பகைமையும் ஒன்றா? எதிர்வீட்டுக்காரரிடம் நமக்கு அன்பு இல்லாமலிருக்கலாம். அதனால் அவர் வீட்டில் கல் எறிகிறோம் என்று ஆகிவிடுமா? ஜூரியிலிருந்த ஆறு ஐரோப்பியர் குற்றவாளி என்றனர். மூன்று இந்தியர் இல்லையென்றனர். திலகருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. மறுவருஷமே சட்டத்தைத் திருத்தி, ராஜவிசுவாசமின்மையும் பகையுணர்ச்சிகள் யாவும் அப்பதத்தில் அடங்கும் என்று எழுதிவிட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை: சர்க்காரின் நடவடிக்கைகளை ஒப்புக்கொள்ளாமையைக் குறிக்கும் 'டிஸ்அப்ரொபேஷன்' மட்டும் குற்றமல்ல என்று அதே பிரிவின் விளக்கம் கூறிற்று. இரண்டு 'டிஸ்'கள். ஒன்றுக்கு அனுமதி, மற்றொன்றுக்கு ஆயுள்தண்டனை வரை.

இந்தப் பதம் நம் சீமைக்கும் வந்தது. திண்டுக்கல்லுக்குத் தென்மேற்கே உள்ள வத்தலக்குண்டில் 1884-இல் பிறந்த சுப்பிரமணிய சிவா, வ. உ. சிதம்பரம் பிள்ளையுடன் சேர்ந்து தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் பேசியதற்காக 1908-இல் இதே பிரிவில் குற்றஞ்சாட்டப்பட்டார். நீதிபதி பின்ஹே சிவாவுக்குப் பத்து வருஷத் தீவாந்தர சிட்சை விதித்தார். சிவாவைத் தூண்டிய குற்றமும் சேர்த்துச் சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள்தண்டனை. மேல்முறையீட்டில் இருவரின் தண்டனைகளும் குறைந்தன. எனினும் சிவா 1912-இல் வெளிவந்தபோது சிறையில் பற்றிய குஷ்டநோயும் உடன் வந்தது. ரயிலில் ஏறக்கூடாதென்று தடுத்தார்கள். அவர் கால்நடையாகவே ஊரூராய்ப் போய்ப் பேசினார். 1925-இல் பாப்பாரப்பட்டியில் காலமானபோது அவருக்கு வயது நாற்பதுதான்.

1922-இல் ஆமதாபாத் கோர்ட்டில் நின்ற காந்தியடிகள் இந்தப் பதச் சண்டையில் இறங்கவே இல்லை. அன்பைச் சட்டத்தினால் உற்பத்தி செய்ய முடியாது என்று கூறி, குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஆறு வருஷத் தண்டனையை ஏற்றார்.

சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பிரிவு போகவில்லை. 1962-இல் சுப்ரீம் கோர்ட்டு, பலாத்காரத்தையோ பொது அமைதிக் குலைவையோ தூண்டும் பேச்சுக்கே அது பொருந்தும் என்று எல்லை கட்டிற்று. 2024 ஜூலை முதல் தேதி பழைய தண்டனைச் சட்டமே நீங்கிப் புதியது வந்தது. அதன் 152-ஆம் பிரிவு வேறு பதங்களால் பேசுகிறது. 'டிஸ்அஃபெக்ஷன்' அதில் இல்லை. புதிய பதங்களின் எல்லை எது என்பதைக் கோர்ட்டுகள்தாம் இனிச் சொல்லவேண்டும்.

நம் மலைக்கோட்டையை 'ஹிஸ்டாரிக்' என்பதா, 'ஹிஸ்டாரிகல்' என்பதா என்று ஒரு நேயர் கேட்டு எழுதியிருக்கிறார். அடுத்த வாரம் பார்ப்போம்.