எல்லா மாணவர்க்கும் இடமுண்டோ?

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் அறியாதார் எம்மூரில் இலர். சில அடித் தொலைவினுள் அடுத்தடுத்து அமைந்தும், அவை வெப்பத்தால் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை. அவ்வேறுபாட்டைக் கண்டு வியக்கும் நாம், ஒரே வகுப்பிலிருக்கும் சிறார் வேறுபட்டிருத்தலைக் கண்டால் மாத்திரம் சினங்கொள்ளுகின்றோம். கல்லூரியின் பெருமை பேசும் இம்மலரில், கல்லூரி வாயிலை அடையாத சிறாரைப் பற்றிப் பேசப் புகுந்தமைக்குப் பழைய மாணவர் எம்மைப் பொறுத்தருள்வாராக.

ஓட்டிசம் என வழங்கும் நிலையை 1943 ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் வைத்தியர் தனித்தெடுத்து விளக்கினார். அவதானம் நிலைக்காது ஓயாமல் அலையும் சிறாரைப் பற்றி 1902 ஆம் ஆண்டிலேயே இலண்டனில் ஜோர்ஜ் ஸ்ரில் என்பார் விரிவுரை நிகழ்த்தினார். தாயின் அன்பின்மையே ஓட்டிசத்துக்குக் காரணமென்று ஒரு காலத்தில் அறிஞர் சிலர் எழுதினர். அக்கொள்கை பின்னர்ப் பிழையெனக் கைவிடப்பட்டது. இவ்விரண்டும் மூளை வளர்ச்சியில் அமையும் வேறுபாடுகள். வளர்ப்பின் குற்றமுமல்ல, பிள்ளையின் பிடிவாதமுமல்ல. 2021 ஆம் ஆண்டில் உலகில் 127 பேருக்கு ஒருவர் ஓட்டிசமுடையவர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவ்வாறாயின் ஆயிரம் சிறார் வாழும் ஊரில் ஏழெட்டுப் பேரேனும் இருத்தல் கூடும். அவர்கள் எங்கே என்று வினவுதல் ஆசிரியர் கடனாகும்.

எம் குற்றத்தையே முதலிற் கூறுவாம். பயிற்சிக் கலாசாலையை விட்டு வந்த புதிதில், துறைமுகத்தை அண்டிய ஒரு பாடசாலையில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் கற்பித்தோம். அங்கே ஒரு சிறுவன், மணியொலி கேட்டாற் காதுகளைப் பொத்திக்கொள்வான். செய்யுளை ஒருமுறை கேட்டே ஒப்புவிப்பான். பொருளை வினவினால் யன்னலூடே கப்பலைப் பார்த்திருப்பான். யாம் அதனைச் செருக்கென்று கொண்டு, அவனைப் பலநாள் வகுப்புக்கு வெளியே நிறுத்தினோம். மூன்றாந் தவணையில் அவன் வரவில்லை. தந்தையார் வந்து, "சேர், உங்களுக்கும் கரைச்சல், எங்களுக்கும் கரைச்சல், பிள்ளை வீட்டில இருக்கட்டும்" என்று சொல்லிச் சென்றார். அன்று எமக்கு ஆறுதலே உண்டாயிற்று. அவ்வாறுதலை நினைந்து இன்றும் நாணுகின்றோம்.

வலுவிழந்தமையைக் காரணங்காட்டி எவரையும் கல்வி நிலையத்தில் அனுமதிக்க மறுத்தல் ஆகாதென்பது 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் விதி. கட்டாயக் கல்வி வயதெல்லையும் 2016 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆயினும் சட்டம் கதவைத் திறக்குமேயன்றிக் கரும்பலகையில் எழுதாது.

பெற்றார் முன்னுள்ள வழிகள் மூன்று: பொதுவகுப்பு, பொதுப் பாடசாலையோடு இணைந்த விசேட கல்வி அலகு, தனியான விசேட பாடசாலை. இவற்றுள் எது நன்றென்று எம்மை வினவுவார் பலர். பெரிய கல்லூரி என்னும் பெயருக்காகப் பிள்ளையைப் பொதுவகுப்பில் திணித்தலும் தவறு. ஊரார் பேச்சுக்கு அஞ்சி அலகை வெறுத்தலும் தவறு. பிள்ளை தன் தேவையைத் தெரிவிக்க வல்லதா? இரைச்சலைப் பொறுக்குமா? அங்கே கற்பிப்பவர் அதற்குரிய பயிற்சி பெற்றவரா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை கண்டபின்னரே தெரிதல் வேண்டும். அவதானக் குறைபாடு மாத்திரமுடைய சிறாருட் பெரும்பாலோர் தக்க துணையோடு பொதுவகுப்பிலேயே கற்கவல்லர். பேச்சு வராத பிள்ளைக்கு அலகு நல்ல தொடக்கமாகலாம். ஆனால் அது திரும்பிவர இயலாத வழியாதல் கூடாது. சித்திரத்திலும் சங்கீதத்திலும் விளையாட்டிலும் அப்பிள்ளை ஏனையோருடன் சேர்ந்திருத்தலும், அதன் நிலை ஆண்டுதோறும் மீள ஆராயப்படுதலும் வேண்டும். குச்சவெளியிலும் ஈச்சிலம்பற்றையிலும் வாழும் ஏழைப் பெற்றாருக்கோ, இத்தெரிவைப் பேருந்துக் கட்டணமே செய்துவிடுகின்றது.

"நாற்பது பேருக்குக் கற்பிப்பதா, ஒருவனைப் பார்ப்பதா?" என்று எம்மோடு கற்பிக்கும் ஆசிரியர் கேட்பர். நியாயமான கேள்வியே. முன்வாங்கில் இடமளித்தல், நீண்ட பயிற்சியைச் சிறு கூறுகளாக்குதல், அன்றைய பாடவேளைகளைப் படமாக வரைந்து தொங்கவிடுதல், மணியடிக்குமுன் அறிவித்தல் என்பன பெருஞ்செலவில்லாதவை. மற்றை முப்பத்தொன்பதின்மருக்கும் பயன்படுபவை. ஆயினும் சில பிள்ளைகளுக்கு அருகிருந்து உதவ ஒருவர் இன்றியமையாதவர். அது தனியாசிரியர் ஒருவரால் ஆவதன்று.

ஆகவே பழைய மாணவரிடம் ஒன்று வேண்டுகின்றோம். விழாக் காலத்தில் வளைவும் சிலையும் எழுப்புதல் நம் வழக்கம். அவற்றை யாம் இகழேம். எனினும், இவ்வாண்டுச் சேர்நிதியில் ஒரு பகுதியைக் கொண்டு அமைதியான அறையொன்றை அமைத்து, ஆசிரியர் இருவரை விசேட கல்விப் பயிற்சிக்கு அனுப்பி, உதவியாளர் ஒருவருக்கு ஊதியம் அளிப்பீராயின், அதுவே இவ்விழாவின் நிலைத்த சின்னமாகும்.

எம் மாணவனாயிருந்த அச்சிறுவன் இன்று முப்பது வயதைக் கடந்திருப்பான். அவன் பெயர் எம் வகுப்பு இடாப்பில் இரு தவணை இருந்தது. எந்தப் பழைய மாணவர் சங்கத்தின் பட்டியலிலும் அது இல்லை.