வடக்கே ஓர் ஆற்றிலே சமன் பிடிக்க

நோர்வே நாட்டின் வடகோடியிலே உத்தியோகம் பார்க்கும் என் அக்காவின் மகனிடமிருந்து சென்ற கிழமை கடிதம் வந்தது. "மாமா, அல்டா ஆற்றுக் குலுக்கலில் என் பெயர் விழுந்துவிட்டது. யூலை மாதம் அம்மாவும் இங்கே இருப்பார். நல்ல சமன் மீன் ஒன்றைப் பிடித்து, அவர் கையாலேயே கறியாக்கி உண்ண எண்ணியிருக்கிறேன். பெரிய தாய்மீன் அகப்பட்டால் விட்டுவிட வேண்டிவரும். அம்மாவிடம் நீங்கள்தாம் சொல்லிவைக்க வேண்டும்" என்று எழுதியிருந்தான்.

காரைதீவிலே சமனை அறியாதார் யார்? மழைநாளில் கடல் கொந்தளித்தால் எல்லா வீடுகளிலும் டின் திறக்கப்படும். ஆனால் நாம் சமன் என்று வாங்கும் டின்னுக்குள் இருப்பது பெரும்பாலும் கும்பளா இனத்து மீனே. உண்மையான சமனை அக்கா கண்டதில்லை, நானும் கண்டதில்லை. 1980களில் போருக்கு அஞ்சி நோர்வே சென்ற தமிழர் பலர் அந்நாட்டின் வடகரை மீன் ஆலைகளில் வேலை செய்தனர். அவர்களுக்குத்தான் அம்மீன் பழக்கம்.

அந்த மீனின் சரித்திரம் வியப்புக்குரியது. ஆற்றின் கூழாங்கற்களிடையே பிறந்து, குளிர்மிக்க அவ்வடநாட்டு நீரிலே சில ஆண்டுகள் வளர்ந்து, பின்னர் கடலுக்குப் போய்விடுகின்றது. ஓரிரு ஆண்டோ மூன்றாண்டோ கடலிலே கொழுத்தபின், பிறந்த ஆற்றையே மணத்தால் இனங்கண்டு திரும்புகின்றது. ஆற்றுக்குள் நுழைந்தபின் இரை கொள்வதில்லை. உண்ணாத மீன் தூண்டிலைக் கவ்வுவானேன் என்றால், சினத்தினாலென்று சிலரும் பழைய பழக்கத்தினாலென்று சிலரும் சொல்லுவர். இலையுதிர் காலத்தில் பெண்மீன் வாலாற் கல்லைக் கிளறிக் குழி செய்து முட்டையிடும். நம்முடைய கொடுவா இதற்கு நேர்மாறு: கழிமுகத்தருகே உவர்நீரில் முட்டையிடும், குஞ்சுகள் களப்புக்குள் ஏறிவந்து வளரும். அக்கொடுவா பெரும்பாலும் ஆணாகவே முதிர்ந்து, சில ஆண்டுகளின்பின் பெண்ணாக மாறும். ஆகவே நாம் பெருமையோடு தோளிற் சுமந்துவரும் மிகப் பெரிய கொடுவா ஏறக்குறைய எப்போதும் ஒரு தாய்தான்.

மருமகன் செய்யவேண்டிய ஆயத்தங்கள் பல. அரசுக்குரிய கட்டணம் செலுத்த வேண்டும். 1970களில் வெளியிலிருந்து வந்த ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி நோர்வேயின் பல ஆறுகளிலே சமன் குஞ்சுகளை அழித்தது. அதனால் சப்பாத்து, வலை, தூண்டிற்கோல் யாவற்றையும் மருந்திட்டுத் தூய்மை செய்தபின்பே ஆற்றில் இறங்கலாம். அவ்வாண்டின் விதிகளையும் புறப்படுமுன் பார்க்க வேண்டும். இது வெறும் சம்பிரதாயமன்று. பின்லாந்து எல்லையிலுள்ள தானா ஆற்றிலே 2021இல் சமன் பிடிப்பதையே நிறுத்தினார்கள். 2024 யூன் மாதத்தில், பருவம் தொடங்கிச் சில வாரங்களுக்குள், தெற்கிலும் நடுப்பகுதியிலும் 33 ஆறுகள் மூடப்பட்டன. கடலிலிருந்து திரும்பிய மீன் அத்துணைக் குறைவு.

இவற்றையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். "பிடித்த மீனை விடுவதா? உண்பதற்கில்லையென்றால் அதன் வாயை ஏனடா கிழிக்க வேண்டும்?" என்றார். மறுமொழி வரவில்லை எனக்கு. சாய்ந்தமருதுக் காக்காவிடம் கேட்டேன். நாற்பதாண்டு கரைவலை இழுத்தவர் அவர். "உங்கட அக்கா சொல்லுறது சரிதான் தம்பி. வயிறு கேட்டால் பிடிக்கலாம். உயிரை வைத்து விளையாடுறது பாவம்" என்றார். சிறிது நேரம் மௌனமாயிருந்துவிட்டு, "ஆனால் சினைக் கொடுவாவை நாங்களும் விடவில்லையே. இப்ப வலையில் என்ன வருகுது?" என்று தாமே கேட்டுக்கொண்டார்.

அன்றிரவே மருமகனுக்கு எழுதினேன். விதி இடந்தந்தால், கடலில் ஒரே குளிர்காலம் கழித்துவந்த சிறிய ஆண்மீன் ஒன்றை எடு. எடுத்தவுடன் தூண்டிலைச் சுற்றிவிடு. ஆசைக்காக மறுபடி வீசாதே. அதற்குமுன் பெரிய தாய்மீன் கவ்வினால், கையை நனைத்துக்கொண்டு, அதை நீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்று; படம் பிடிப்பதற்காகத் தூக்கி வைத்திராதே. ஒன்றும் அகப்படாவிட்டால் கடையிலே வளர்ப்புச் சமன் வாங்கிக்கொள். அம்மாவுக்கு மீனைக் காட்டிலும் நள்ளிரவுச் சூரியன் பெரிய அதிசயமாயிருக்கும். யூலைக் கடைசிவரையே அது மறையாதிருக்கும்.

கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். தாய்மீனை விடும் பகுதியில், "அது சரி, பிள்ளைத்தாய்ச்சியை யார் வெட்டுவார்?" என்றார். கடையில் வாங்கும் பகுதிதான் அவருக்குப் பிடிக்கவில்லை. இப்போது முற்றத்திலே மிளகாய்த்தூள் இடிபடுகின்றது. பழப்புளி உருண்டைகளும் வெயிலிற் காய்கின்றன. சிறிய மீன் ஒன்றுக்கு இவ்வளவு எதற்கென்று கேட்டேன். அவர் உலக்கையை நிறுத்தவில்லை.