450 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டினால் போதுமா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி... எங்கே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தாலும் பேரமெல்லாம் பிராசஸருக்கும் ராமுக்கும்தான். எஸ்.எம்.பி.எஸ். மட்டும் ரிச்சி தெருவிலிருந்து கேபினட்டோடு இலவச இணைப்பு மாதிரி வந்து இறங்கும்!

மேலே கொட்டை எழுத்தில் "450 வாட்ஸ்". கீழே இருக்கும் பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்? 12 வோல்ட்டுக்கு நேரே 14 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 12 × 14 = 168 வாட்ஸ். அவ்வளவுதான் சரக்கு. இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டைத்தான். மீதியெல்லாம் 3.3, 5 வோல்ட்டைக் கூட்டிக் காட்டுகிற கணக்கு.

கையில் தூக்கிப் பார்த்து "நல்ல வெயிட்டு சார்" என்பது பழைய பேப்பர் கடை சோதனை. மட்ட ரகத்தின் உள்ளே பார்த்தால், கரன்ட் நுழையும் இடத்தில் ஃபில்டர் காயில் இருக்காது. வெறும் கம்பித்துண்டு ஜம்பர் இருக்கும். காசு மிச்சம் பிடித்தது அங்கேதான்.

கடைசியில் மதர்போர்டு போனால், "வோல்டேஜ் ஏறி இறங்கிடுச்சு" என்று பழி மின்வாரியத்தின் தலையில்!