முகப்பு மாறினால் போதுமா?

ஹைதராபாத் மாநகரின் வடகிழக்கே உள்ள மௌலா அலியில் ரயில்வே ஊழியர் குடியிருப்புகளும், வீட்டுவசதி வாரியக் காலனியும், தொழிற்பேட்டையும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இத்தகைய பகுதிகளில் உள்ள பழைய கட்டடங்களின் மேற்குச் சுவர், பிற்பகல் வெயிலில் உறிஞ்சிய வெப்பத்தை இரவில் வீட்டுக்குள் கக்குகிறது. இதற்காகக் கட்டடத்தையே இடிக்க வேண்டியதில்லை.

ஆலையில் தயாரான பலகைகளைச் சட்டங்களில் பொருத்தி, பழைய சுவருக்கு வெளியே சிறிது இடைவெளி விட்டு மாட்டும் முறை இப்போது பரவி வருகிறது. சுவர் மீது வெயில் நேரடியாகப் படாது. இடைவெளியில் சூடாகும் காற்று மேலெழுந்து வெளியேறிவிடும். குடியிருப்போரை வெளியேற்றாமலேயே பணியை முடிக்கவும் முடியும். நெதர்லாந்தில் பழைய குடியிருப்புகள் பல, ஆலையில் தயாரான முகப்புகளைக் கொண்டு புதுப்பிக்கப்பட்டுள்ளன.

ஆனால், வெப்பத்தை வெளியேற்றும் அதே இடைவெளி, தீப்பிடித்தால் புகைபோக்கியாக மாறிவிடும். லண்டனின் 24 மாடி கிரென்ஃபெல் டவர், 2016-இல் முடிவடைந்த புதுப்பிப்புப் பணியின்போது பாலிஎத்திலீன் உள்ளீடு கொண்ட அலுமினியப் பலகைகளால் போர்த்தப்பட்டது. 2017 ஜூன் 14-ஆம் தேதி நான்காவது மாடிச் சமையலறையில் பற்றிய தீ, முகப்பின் வழியே உச்சி வரை ஏறியது. 72 பேர் உயிரிழந்தனர். நமது நகரங்களில் பழைய வணிக வளாகங்களின் முகத்தை மறைத்து நிற்கும் அலுமினியப் பலகைகளின் உள்ளே இருப்பது என்ன என்று யார் சோதித்தார்கள்?

எரிசக்தி சேமிப்புத் திருத்த மசோதா 2022 ஆகஸ்டில் மக்களவையிலும், டிசம்பரில் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. குடியிருப்புக் கட்டடங்களும் சட்ட வரம்புக்குள் கொண்டுவரப்பட்டது வரவேற்கத்தக்கது. ஆயினும், 100 கிலோவாட் மின் இணைப்புச் சுமை என்பதே அடிப்படை வரம்பாக வைக்கப்பட்டிருப்பதால், சிறிய பழைய கட்டடங்கள் விடுபட்டுப் போகின்றன. அந்த வரம்பைக் குறைக்கும் அதிகாரம் மாநில அரசுகளுக்கு உண்டு. 2023-இல் குளிர்கூரைக் கொள்கையை அறிவித்த தெலங்கானா, கூரைக்குக் காட்டிய அக்கறையைச் சுவருக்கும் காட்டலாம், தமிழகமும் பின்பற்றலாம்.

பலகையின் உள்ளீடு எரியாத பொருளாக இருத்தல், ஒவ்வொரு தளத்திலும் இடைவெளியை மறிக்கும் தீத்தடுப்பு, கூடுதல் எடையைப் பழைய சுவர் தாங்கும் என்ற பொறியாளர் சான்று, ஜன்னல்களை மறைக்காமை ஆகிய நான்கும் கட்டாயமாக்கப்பட வேண்டும். இவற்றை நிறைவேற்றுவோருக்குச் சொத்து வரியில் சலுகை அளித்தால் நடுத்தரக் குடும்பங்களும் முன்வரும்.

பழைய கட்டடங்களைக் காப்பது சிக்கனம். அதில் வசிப்போரைக் காப்பது அரசின் கடமை. சிக்கனத்தின் பெயரால் கடமை மறக்கப்படலாகாது!