தோசை வட்டம், லட்டு உருண்டை



போன வாரம் பேத்தியின் வீட்டுப்பாட நோட்டு என்னிடம் வந்தது. ‘வட்டம்’ என்ற சொல்லை வைத்து மூன்று வாக்கியம் எழுத வேண்டும். தட்டு, அப்பளம் என்று இரண்டு வாக்கியம் ஆயிற்று. மூன்றாவதாக, “பந்து வட்டமாக இருக்கும்னு எழுதும்மா” என்றேன்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். “பந்து உருண்டைதானே தாத்தா?”

ஊரார் எழுத்தையெல்லாம் திருத்துகிற எனக்கே திருத்தம்! என்ன செய்ய, ஒப்புக்கொண்டேன்.

யோசித்தால், நம் அடுப்படி தினமும் இந்தப் பாடத்தைத்தானே நடத்துகிறது? கல்லில் வார்க்கும் தோசை வட்டம். கையில் பிடிக்கும் லட்டு உருண்டை. பானைக்கு அடியில் பாட்டி வைத்த பிரிமணை வளையம். மூன்றையும் ‘ரவுண்ட்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். தமிழில் மூன்றுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது.

மையம், ஆரம் என்கிற இலக்கணமெல்லாம் பெரிய வகுப்புக்கு இருக்கட்டும். சின்னப் பிள்ளைக்கு வாக்கியம் போதும். “எல்லாரும் வட்டமா உட்காருங்க” என்றால், பிள்ளையே அந்த வட்டத்தில் ஒரு புள்ளி. “பருந்து வட்டமிடுது, குஞ்சை மூடு” என்றால், கண் தானாக வானத்தில் கோடு போடும். கைடைப் பார்த்து எழுதிய வாக்கியத்தில் இது கிடைக்குமா?

கொஞ்சம் வளர்ந்த பிள்ளையா? தாசில்தார் ஆபீஸ் போர்டில் ‘வட்டாட்சியர்’ என்றிருப்பதைக் காட்டுங்கள். அங்கே வட்டம் என்பது பல ஊர்கள் சேர்ந்த நிர்வாகப் பகுதி. பழைய கல்வெட்டுகளில் உள்ள வட்டெழுத்தையும் சொல்லுங்கள். அதன் எழுத்துகள் வளைந்து வளைந்து போகும். ஒரே சொல் எங்கெல்லாம் போய் வருகிறது, பாருங்கள்!

இன்னொன்று. எது வட்டம் என்று சொன்னால் மட்டும் போதாது, எது வட்டமில்லை என்றும் காட்ட வேண்டும். அன்று சட்டைப்பையில் ஒரு 20 ரூபாய் நாணயம் இருந்தது. 2019-ல் அறிமுகமானதே, அதுதான். “இது என்ன வடிவம்?”

“வட்டம்!” யோசிக்கவே இல்லை.

ஓரத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். முகம் மாறியது. நகத்தால் ஒவ்வொரு மூலையாகத் தொட்டு எண்ணினாள். ஆரம்பித்த இடம் மறந்துபோய், பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு மறுபடியும் எண்ணினாள். 12 பக்கம். பிறகு, பழைய டப்பாவிலிருந்து சதுரமான 5 பைசாவை எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்திருந்தாள்.

வீட்டில் நேரமில்லை என்பீர்கள். தோசை திருப்புகிற நேரமும் சில்லறை எண்ணுகிற நேரமும் போதாதா?

மூன்றாவது வாக்கியத்தை நான் சொல்லவில்லை. அவளே எழுதினாள்: “எல்லாக் காசும் வட்டம் இல்லை.”

டீச்சர் அதற்கு மட்டும் இரண்டு டிக் போட்டிருந்தார்.

அன்புடன்,
ஆசிரியர்