சுற்றமும் நட்பும், மூன்று வயது நீங்கலாக

சென்ற ஆண்டு ஜூலையில் இலண்டனில் என் தமக்கை மகளுக்குத் திருமணம். அழைப்பிதழ் இரண்டு தாள்களாக வந்தது. தமிழ்த் தாளில் 'தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து' என்னும் வழமையான வாசகம். ஆங்கிலத் தாளின் அடியில், சாய்ந்த எழுத்தில், மாலை வரவேற்பு பெரியவர்களுக்கு மட்டும் என்று ஒரு வரி. அச்சிட்டவர்களுக்கு முரண் உறுத்தவில்லை. எனக்கு உறுத்தியது. என் மகளுக்கு அப்போது வயது மூன்று. விட்டுச் செல்ல வீட்டில் பாட்டியும் இல்லை.

நான் தாய்மாமன். எங்கள் வழக்கில் மணப்பெண்ணுக்குப் பட்டம் கட்டுவதும் மாலையிடுவதும் தாய்மாமன் கடமை. ஆக, நான் வந்தே தீரவேண்டும். என் மகள் வரலாகாது. "பாப்பாவையும் அவளையும் விட்டுட்டு நீ மட்டும் வந்துட்டுப் போயேன்டா தம்பி" என்றாள் அக்கா.

குடும்பத்தோடுதான் போனேன். இரண்டு வயது கடந்த குழந்தையை மடியில் வைத்துப் பறக்க இயலாது. தனி இருக்கை வாங்கவேண்டும். பிரித்தானிய வருகையாளர் விசாவில் குழந்தைக்குச் சலுகை கிடையாது. ஐந்து வயது நிரம்பாதவர்களிடம் கைரேகைகூட எடுப்பதில்லை. கட்டணம் மட்டும் முழுதாக எடுக்கிறார்கள். விசா அலுவலகத்துக்கு என் மகள் முழு ஆள். விமான நிறுவனத்துக்கு ஏறக்குறைய முழு ஆள். சொந்த அத்தை வீட்டுத் திருமணத்தில் மட்டும் அவள் ஆளே இல்லை.

இது மேலைநாட்டு நாகரிகம், இதில் என்ன பிழை என்பர் சிலர். தலைக்கு இவ்வளவு பவுண்டு என்று கணக்கிடும் மண்டபம். குழந்தை அழுதால் வாழ்த்துரை கெடும். மணமக்கள் விருப்பம் வேறு இருக்கிறது. இவற்றை நான் மறுக்கவில்லை. நான் மறுப்பது வேறொன்றை. அந்த விதி உள்ளூர்க்காரருக்காகப் பிறந்தது. இரண்டு தெரு தள்ளியிருப்பவர் நான்கு மணி நேரத்துக்குக் குழந்தையை அண்டை வீட்டில் விடலாம். எண்ணாயிரம் கிலோமீட்டர் கடந்து வருபவர் யாரிடம் விடுவார்? அங்கே இரவு ஏழு மணி, நம் ஊரில் பதினொன்றரை. உறக்கம் குலைந்த குழந்தையை முன்பின் அறியாத கூலிச்செவிலியிடம் விட்டுவிட்டு விருந்துண்ண எந்தத் தாய்க்கு மனம் வரும்?

நம் ஊர்த் திருமணங்கள் குழந்தைகளுக்கு உகந்தவை என்று பெருமை பேசவும் நான் வரவில்லை. செவியைப் பிளக்கும் ஒலிபெருக்கியும் பத்து மணிப் பந்தியும் நாம் அவர்களுக்கு இழைக்கும் கொடுமைகள். ஆயினும் அங்கே குழந்தையை யாரும் வாசலில் எண்ணிக் கழிப்பதில்லை. அகநானூற்றின் 86ஆம் பாட்டில் மணமகளை நீராட்டி வாழ்த்துபவர்கள் யார்? மகப்பேறு வாய்த்த மகளிர் நால்வர். மழலையை மணவினையின் மங்கலமாகக் கண்ட மரபு நம்முடையது. மேடையில் மரபை வாடகைக்கு எடுத்துவிட்டு வரவேற்பில் அதன் பயனை வெளியே நிறுத்துவது எவ்வகை நாகரிகம்?

காலையில் கோயிலில் நான் மாலையிட்டபோது தட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு என் மகள் நின்றாள். யாருக்கும் எந்தக் கேடும் வரவில்லை. மாலையில் என் மனைவி அவளோடு விடுதி அறையில் தங்கிவிட்டாள். எங்கள் மேசையில் அவள் பெயர் எழுதிய அட்டைக்குப் பின்னால் நாற்காலி காலியாகவே கிடந்தது. குழந்தையின் உணவுச் செலவை மிச்சம் பிடிக்கப்போய்த் தாயின் உணவுக்குக் கொடுத்த காசு வீணாயிற்று. அக்கா அந்த நாற்காலியை இருமுறை பார்த்தாள், எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

குழந்தைகள் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். ஆனால் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே சொல்லுங்கள். தமிழ்த் தாளில் இருக்கும் 'சுற்றம்' என்ற சொல்லை நீக்கிவிட்டுச் சொல்லுங்கள். அச்சொல்லுக்கு வயது வரம்பு இருப்பதாக நான் இதுவரை எந்த வகுப்பிலும் பாடம் நடத்தியதில்லை.